‘ரொம்ப’ போட்டுப் பாருங்கள்: அரசாங்க ஆங்கிலத்தின் அடைமொழிகள்

அப்போது எனக்கு 21 வயது. தட்டச்சில் ஹையர் பாஸ் பண்ணிய கையோடு, பாளையங்கோட்டையில் மனு அடித்துக் கொடுக்கும் ஒருவரிடம் உதவிக்குச் சேர்ந்திருந்தேன். நில அளவை விஷயமாக ஒரு பெரியவர் பதில் கடிதம் அடிக்கச் சொன்னார். ‘தங்கள் அலுவலகக் கடிதம் கிடைத்தது’ என்பதுதான் முதல் வரி. அஃபிஷியல் என்று அடிக்க வேண்டிய இடத்தில் அஃபிஷஸ் என்று அடித்தேன். அகராதியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற சொல்தானே, இது கொஞ்சம் கனமாக இருக்கிறதே என்று ஒரு ஆசை. மூன்றாம் நாள் பெரியவர் அதே தாளோடு வந்து நின்றார். முதல் வரியில் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

“என்னலே அடிச்சு வச்சிருக்க? படிச்சுட்டு ஆபீசர் மூஞ்சியே மாறிப்போச்சு.”

அஃபிஷஸ் என்றால் கேட்காமலேயே மூக்கை நுழைத்து நாட்டாமை பண்ணுகிற என்று அர்த்தம். ஆக, ‘நீங்கள் நாட்டாமை பண்ணி எழுதிய கடிதம் கிடைத்தது’ என்று ஒரு அதிகாரிக்கு அடித்துக் கொடுத்திருக்கிறேன். பெரியவரின் வேலை அதனால் கெடவில்லை, நல்ல வேளை. தாளை நான் திரும்ப அடித்தேன், காசு வாங்கவில்லை.

அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இப்போது கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைத் திண்ணையில் இருக்கிறேன். ரெமிங்டன் போய் கம்ப்யூட்டர் வந்தாயிற்று. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள், அன்றைக்குத் தண்ணீர் குடிக்க நேரம் இருக்காது. மற்ற நாள் சாயங்காலம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்து உட்காருவார்கள். அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆங்கிலச் சொற்களை ஒலியாகத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். எழுத்துக்கூட்டலை அகராதியைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால்தான் மனசிலும் நிற்கும்.

முதலில் ஒரு சோதனை. பிள்ளைகள் இதற்கு ‘ரொம்ப டெஸ்ட்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

ஒரு அடைமொழியைப் பார்த்ததும் அதற்கு முன்னால் ‘ரொம்ப’ போட்டுப் பாருங்கள். ரொம்ப நல்ல ஆஸ்பத்திரி, சரி. ரொம்பப் பழைய ஆஸ்பத்திரி, சரி. ரொம்ப அரசு ஆஸ்பத்திரி? சொல்லும்போதே சிரிப்பு வருகிறது. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி அரசு ஆஸ்பத்திரிதான். ரொம்ப அரசும் இல்லை, கொஞ்சம் அரசும் இல்லை. ‘நல்ல’, ‘பழைய’ எல்லாம் எப்படிப்பட்டது என்று சொல்கிறவை. ‘அரசு’ யாருடையது என்று சொல்கிறது. ஆங்கிலத்திலும் இதே இரண்டு சாதிதான். ‘வெரி’ ஏற்றுக்கொண்டால் குணம், ஏற்காவிட்டால் சொந்தம். முனிசிபல், ஸ்டேட்யூட்டரி, எலெக்டோரல், லெஜிஸ்லேட்டிவ் இதெல்லாம் சொந்தம். வெரி முனிசிபல் என்று யாரும் சொல்வதில்லை.

இதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்பீர்கள். மூன்று தப்பு குறையும்.

ஒன்று, சொந்தம் சொல்கிற அடைமொழியைப் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் தனியாக நிறுத்த முடியாது. நாம் பேச்சில் “எங்க ஸ்கூல் கவர்மென்ட்” என்போம். அதை அப்படியே ‘மை ஸ்கூல் ஈஸ் கவர்மென்ட்’ என்று எழுதுகிற பிள்ளையை வருஷத்துக்கு நாலு பேராவது பார்க்கிறேன். கவர்மென்ட் பக்கத்தில் ஸ்கூல் நின்றே ஆக வேண்டும்: ‘இட் ஈஸ் எ கவர்மென்ட் ஸ்கூல்’. இரண்டு, இவை பெயர்ச்சொல்லை ஒட்டித்தான் நிற்கும், நடுவில் வேறு ஆளை விடாது. ஓல்ட் முனிசிபல் பில்டிங் சரி, முனிசிபல் ஓல்ட் பில்டிங் தப்பு. தமிழிலும் பழைய நகராட்சிக் கட்டடம் என்றுதானே சொல்கிறோம். மூன்று, குணத்தையும் சொந்தத்தையும் ‘அண்ட்’ போட்டு முடிச்சுப் போடக் கூடாது. பியூட்டிஃபுல் அண்ட் முனிசிபல் பார்க் என்று எழுதினால் பார்க்கே கோணிக்கொள்ளும்.

சில சொற்கள் இரண்டு பக்கமும் கால் வைக்கும். வம்பெல்லாம் அங்கேதான். சிவில் கோர்ட் என்றால் உரிமையியல் நீதிமன்றம், சொந்தம். ‘ஹி வாஸ் வெரி சிவில்’ என்றால் அவர் மரியாதையாக நடந்துகொண்டார், குணம். பப்ளிக் ரோடு எல்லாருக்கும் சொந்தமான ரோடு. வெரி பப்ளிக் குவாரல் என்பது சந்தி சிரிக்கப் போட்ட சண்டை. கான்ஸ்டிட்யூஷனல் என்பதைப் பிள்ளைகள் அரசமைப்புச் சட்டத்தோடு மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் உடம்புக்கு நல்லது என்று காலையில் நடக்கிற நடைக்கும் அதே பேர்தான். பாளை வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி விடியற்காலையில் பனியன் போட்டு நடக்கிறவர்கள் எல்லாரும் ஒரு கான்ஸ்டிட்யூஷனல் போகிறவர்கள்.

இனி நான் சறுக்கிய இடம். அஃபிஷியல் ஒன்று, அஃபிஷஸ் ஒன்று. ஜுடிஷியல் ஒன்று, ஜுடிஷஸ் ஒன்று. ‘-அல்’ என்று முடிவது பெரும்பாலும் சொந்தம், ‘-அஸ்’ என்று முடிவது பெரும்பாலும் குணம். ஜுடிஷியல் என்றால் நீதிமன்றம் சார்ந்தது. ஜுடிஷஸ் என்றால் யோசித்து நிதானமாகச் செய்தது. ஜுடிஷியல் தீர்ப்பு ஜுடிஷஸ் ஆக இருக்க வேண்டும் என்று ஆசைப்படலாம், இரண்டும் ஒன்று என்று நினைக்கக் கூடாது. அம்மா உப்பு போடுகிற கைக்கணக்கு ஜுடிஷஸ். அதற்கும் கோர்ட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இந்த ‘-அஸ்’ வரிசையில் எங்கள் ஊர் மறக்க முடியாத ஒரு சொல் இருக்கிறது: செடிஷஸ். ராஜதுரோகமான என்று அந்தக் காலத்தில் மொழிபெயர்த்தார்கள். பேச்சுக்கும் எழுத்துக்கும் முன்னால் வரும், செடிஷஸ் ஸ்பீச் என்று. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானபோது திருநெல்வேலி பற்றி எரிந்தது. அந்த ஜூலையில் இங்கே செஷன்ஸ் நீதிமன்றம் அவருக்கு இரண்டு ஆயுள் தண்டனை விதித்தது. ஒரு பேச்சு செடிஷஸா இல்லையா என்று யார் முடிவு செய்வது? இது சொந்தம் சொல்கிற சொல் அல்ல, குணம் சொல்கிற சொல். அதனால்தான் அது ஆபத்தான சொல். ராஜதுரோகத்துக்கான 124-ஏ பிரிவு இருந்த பழைய தண்டனைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. செடிஷன் என்ற சொல் அதில் இல்லை. அதன் இடத்தில் வேறு வாசகத்தோடு 152-ஆம் பிரிவு இருக்கிறது.

வீட்டுப் பீரோவில் பழைய முத்திரைத்தாள் இருந்தால் ஒன்றை வெளியே எடுங்கள். இருபது ரூபாய்ப் பத்திரம் ஏதாவது கிடைக்கும். அதில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ‘இந்தியா நான் ஜுடிஷியல்’ என்று அச்சிட்டிருக்கும். ‘நான்’ என்பதைத் தமிழ் ‘நான்’ என்று படித்துவிட்டு “இந்தியா, நான் ஜுடிஷியல்னு யாரு சார் சொல்லுதா?” என்று கேட்ட பையனும் உண்டு. அதைவிடப் பெரிய குழப்பம், இது கோர்ட்டில் செல்லாத பத்திரம் என்று பலர் நம்புவது. வாடகை ஒப்பந்தம் அடித்துத் தரும்போது ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார், “கோர்ட்டுக்கு ஆகாதுன்னு அதுலயே போட்டிருக்கே அண்ணாச்சி, ஏன் இத வாங்கிட்டு வந்திய?” என்று.

விஷயம் வேறு. வழக்குப் போடும்போது கட்டுகிற நீதிமன்றக் கட்டணத்துக்கான முத்திரை ஜுடிஷியல். விற்பனை, குத்தகை, அதிகாரப் பத்திரம் போன்ற ஆவணங்கள் எழுதும்போது கட்டுகிற முத்திரைத் தீர்வைக்கானது நான் ஜுடிஷியல். 1899-ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டத்தின் கீழ் வருவது இது. அந்த ஒப்பந்தத்தை வைத்துப் பிற்பாடு கோர்ட்டுக்குப் போகலாம், தாராளமாக. எந்தக் கவுன்ட்டரில் காசு கட்டினாய் என்பதைத்தான் அந்த அடைமொழி சொல்கிறது. அரசாங்க அடைமொழிகளில் முக்கால்வாசிக்கு வேலை இவ்வளவுதான். தரத்தைப் பேசுவதில்லை, கவுன்ட்டரைக் காட்டும்.

பத்திரிகை படிக்கும்போது இன்னொன்றும் உதவும். ஜுடிஷியல் கஸ்டடி நீதிமன்றக் காவல், அதாவது சிறை. போலீஸ் கஸ்டடி, போலீஸ் கையில். ஒரு சம்பவம் நடந்ததும் “நீதி விசாரணை வேண்டும்” என்று கோரிக்கை எழும். அது ஜுடிஷியல் என்கொயரி, நீதிபதி நடத்துவது. ஆர்.டி.ஓ. விசாரணை என்று நாம் சொல்வது மாஜிஸ்டீரியல் என்கொயரி, வருவாய் அதிகாரி நடத்துவது. எங்கள் ஊரில் இந்த வித்தியாசத்தை யாருக்கும் புத்தகம் வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1999 ஜூலை 23-ஆம் தேதி மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீசை நோக்கி வந்த ஊர்வலத்தில் 17 பேர் தாமிரபரணியில் உயிரிழந்தார்கள். அதற்கு நீதிபதி மோகன் தலைமையில் ஆணையம் போட்டார்கள். நான் உட்காரும் திண்ணையிலிருந்து அந்த இடம் நடக்கிற தூரம்தான்.

மாஜிஸ்டீரியல் என்பதும் இரண்டு கால்காரன். வெரி மாஜிஸ்டீரியல் டோன் என்றால், இதற்கு மேல் பேச்சே இல்லை என்கிற மாதிரி அதிகாரத்தோடு பேசுவது. வகுப்பில் நான் அப்படிப் பேசுவதாகச் சொல்கிறார்கள்.

இந்தச் சொல்லுக்கு ஒரு பங்காளி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த சொல்: மினிஸ்டீரியல். லத்தீனில் ‘மாகிஸ்’ என்றால் கூட, ‘மினுஸ்’ என்றால் குறைவு. மாகிஸ்டர், மற்றவர்களைவிடக் கூடுதலானவர், எஜமான். அங்கிருந்து மாஜிஸ்ட்ரேட். மினிஸ்டர், குறைந்தவர், ஏவல் செய்கிறவர், வேலைக்காரர். அங்கிருந்துதான் அந்தச் சொல்லுக்கு மந்திரி என்கிற அர்த்தம் வந்தது. ராஜாவுக்கு ஏவல் செய்தவர் நமக்கு எஜமானாகிப் போனது பிற்பாட்டுக் கதை. ஆனால் அடைமொழி மட்டும் பழைய அர்த்தத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. குரூப் 4 அறிவிப்பில் ‘தமிழ்நாடு மினிஸ்டீரியல் சர்வீஸ்’ என்று பார்த்திருப்பீர்கள். அது மந்திரிகளின் பணி அல்ல. இளநிலை உதவியாளர், தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் எல்லாம் அதில்தான். தமிழில் அதையே ‘அமைச்சுப் பணி’ என்று வைத்திருக்கிறார்கள். முதல்முறை பார்க்கிற பையன் அமைச்சர் வீட்டில் வேலை போலிருக்கிறது என்று நினைப்பான். பத்திரிகையில் மினிஸ்டீரியல் மீட்டிங் என்று வந்தால் மட்டும் அமைச்சர்கள் கூட்டம். சட்டப் புத்தகத்தில் மினிஸ்டீரியல் ஆக்ட் என்று வந்தால், சொந்த முடிவுக்கு இடமில்லாமல் விதியில் உள்ளபடி செய்ய வேண்டிய காரியம். ஒரே சொல்லுக்கு மூன்று கவுன்ட்டர். பக்கத்தில் நிற்கிற பெயர்ச்சொல்லைப் பார்க்காமல் இதற்கு அர்த்தம் சொல்லவே கூடாது.

அடுத்து, அடைமொழி இருந்தும் அதைப் பயன்படுத்தாத இடங்கள்.

ஆங்கிலப் புத்தகத்தைப் படித்த பிள்ளை, ஒவ்வொரு பதவிக்கும் அழகாக ஒரு அடைமொழி இருக்கும் என்று நினைக்கிறது. கவர்னருக்குக் கூபர்னடோரியல் என்று ஒன்று உண்டுதான். லத்தீனில் சுக்கான் பிடிப்பவனுக்கு குபெர்னாட்டோர் என்று பேர். உவரியிலும் கூத்தங்குழியிலும் வள்ளத்துக்குச் சுக்கான் பிடிக்கிறவரை நினைத்துக்கொள்ளுங்கள், கவர்மென்ட் என்ற சொல்லும் அவர் கையிலிருந்து வந்ததுதான். பிரெஞ்சு வழியாக வந்தபோது குபெர் தேய்ந்து கவர் ஆனது. அடைமொழி மட்டும் லத்தீனிலிருந்து நேராக வந்ததால் தேயவில்லை. ஆனால் இதை அமெரிக்காவில்தான் அதிகம் புழங்குகிறார்கள். அங்கே மாநில கவர்னரை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்தத் தேர்தல் கூபர்னடோரியல் எலெக்‌ஷன். நமக்குக் கவர்னர் தேர்தல் கிடையாது, அந்தச் சொல்லுக்கும் இங்கே பெரிதாக வேலை கிடையாது. சட்டசபையில் ஆளுநர் உரை என்பதை கவர்னர்ஸ் அட்ரெஸ் என்றே எழுதுங்கள். கூபர்னடோரியல் அட்ரெஸ் என்று எழுதினால் தப்பில்லை, ஆனால் கல்யாண வீட்டுக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு வேர்த்துப்போய் நிற்கிற மாப்பிள்ளைத் தோழன் மாதிரி இருக்கும்.

பிரசிடென்ஷியல் என்பதில் இன்னும் ஜாக்கிரதை. அரசமைப்புச் சட்டத்தின் 356-ஆம் பிரிவின்படி மாநில ஆட்சியைக் கலைத்தால் அது பிரசிடென்ட்ஸ் ரூல். தமிழ்நாடு இதை 1976, 1980, 1988, 1991 என்று நான்கு முறை பார்த்திருக்கிறது. பிரசிடென்ஷியல் சிஸ்டம் என்றால் அமெரிக்கா மாதிரி ஆட்சி முறை. தமிழ் இங்கே கெட்டிக்காரத்தனமாகப் பிரித்துவிட்டது: முதலாவது குடியரசுத் தலைவர் ஆட்சி, இரண்டாவது அதிபர் ஆட்சி முறை. மொழிபெயர்ப்புக் கேள்வியில் ‘அதிபர் ஆட்சி’ என்று வந்தால் பிரசிடென்ட்ஸ் ரூல் என்று போட்டுவிடாதீர்கள்.

கலெக்டருக்கு அடைமொழி புழக்கத்திலேயே இல்லை. கலெக்டோரியல் ஆபீஸ் என்று ஒரு பெண் எழுதி வந்தாள், படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அப்படி எழுதுகிற வழக்கம் இங்கே கிடையாது. கலெக்டரேட், அல்லது கலெக்டர்ஸ் ஆபீஸ். டிஸ்ட்ரிக்ட், ரெவின்யூ, அசெம்பிளி எல்லாம் பெயர்ச்சொல்லாகவே முன்னால் வந்து நின்று அடைமொழி வேலையைச் செய்யும். அசெம்பிளி கான்ஸ்டிட்யூயன்சி என்றால் சட்டமன்றத் தொகுதி. அங்கே லெஜிஸ்லேட்டிவ் போடுவதில்லை. ஆனால் மக்களவைத் தொகுதிக்கு பார்லிமென்டரி கான்ஸ்டிட்யூயன்சி என்று அடைமொழியே வரும். திருநெல்வேலி என்கிற பார்லிமென்டரி தொகுதிக்குள் பாளையங்கோட்டை, நாங்குநேரி, ராதாபுரம், அம்பாசமுத்திரம், ஆலங்குளம், திருநெல்வேலி என்று ஆறு அசெம்பிளி தொகுதிகள். ஒன்றுக்கு அடைமொழி, இன்னொன்றுக்குப் பெயர்ச்சொல், ஏன் என்று கேட்டால் எனக்கும் பதில் இல்லை, வழக்கம் அப்படி. கவர்மென்ட்டும் இதே மாதிரிதான். கவர்மென்டல் என்று அடைமொழி இருந்தாலும் ‘நான் கவர்மென்டல்’ என்று அரசு சாரா அமைப்புகளுக்கு முன்னாலும், ‘இன்டர் கவர்மென்டல்’ என்று அரசுகளுக்கு இடையிலானவற்றுக்கு முன்னாலும்தான் அதைப் பெரும்பாலும் பார்க்கலாம். கவர்மென்டல் ஸ்கூல் என்று போர்டு நான் பார்த்ததே இல்லை.

பொது விதி ஒன்று சொல்ல வேண்டுமென்றால்: பதவிப் பெயரிலும் அலுவலகப் பெயரிலும் உங்கள் ஆங்கிலப் புலமையைக் காட்டாதீர்கள். போர்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே எழுதுங்கள். சேரன்மகாதேவி சார் ஆட்சியருக்கு எழுதினால் சப் கலெக்டர்தான். டெபுடி கலெக்டர் வேறு ஆள். உதவி என்றால் அசிஸ்டென்ட், துணை என்றால் டெபுடி, இணை என்றால் ஜாயின்ட், கூடுதல் என்றால் அடிஷனல். இந்த நான்கை மாற்றிப் போட்டால் கடிதம் வேறு மேசைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

சென்ட்ரல், ஸ்டேட், யூனியன், ஃபெடரல். இங்கேதான் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் நாலும் தினமும் காதில் விழுகிற சொல்.

பாளையங்கோட்டை சென்ட்ரல் ஜெயிலைத் தமிழில் மத்திய சிறை என்கிறோம். நடத்துவது மாநில அரசு. அங்கே சென்ட்ரல் என்பது டெல்லியைச் சொல்லவில்லை, கிளைச் சிறைகளோடு வைத்துப் பார்த்தால் பெரிய, தலைமைச் சிறை என்கிறது. மறுபக்கம், ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியா. 1955-இல் இம்பீரியல் பேங்க் இந்தப் பேருக்கு மாறியது, பெரும்பான்மைப் பங்கு ஒன்றிய அரசிடம். அங்கே ஸ்டேட் என்பது தமிழ்நாட்டைச் சொல்லவில்லை, அரசு என்கிற பொதுப்பொருளைச் சொல்கிறது. ஆக, சென்ட்ரல் ஜெயில் ஸ்டேட்டுடையது, ஸ்டேட் பேங்க் சென்ட்ரலுடையது. இதை வகுப்பில் சொன்னால் இரண்டு நிமிஷம் சத்தம் அடங்காது. ஸ்டேட் ஃபியூனரல், ஸ்டேட் சீக்ரெட் இவற்றிலும் ஸ்டேட் என்பது அரசுதான், மாநிலம் அல்ல. அதனால் ஸ்டேட்டைப் பார்த்ததும் ‘மாநில’ என்று கை போகக் கூடாது. ஸ்டேட்லி என்று ஒன்று வந்தால் அது அரசாங்கமே இல்லை, கம்பீரமான என்று குணம்.

யூனியன் என்பது அரசமைப்புச் சட்டத்தின் முதல் பிரிவிலேயே இருக்கிறது, இந்தியா மாநிலங்களின் ஒன்றியம் என்று. 2021-க்குப் பிறகு தமிழ்நாட்டு அரசு ஒன்றிய அரசு என்று சொல்லத் தொடங்கியதும் பத்திரிகைகளில் பெரிய வாக்குவாதம். சட்டப்படி யூனியன் கவர்மென்ட் சரி, வழக்கப்படி சென்ட்ரல் கவர்மென்ட்டும் புழக்கத்தில் இருக்கிறது. எழுதுகிற மனுவில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதையே எழுதுங்கள். ஆனால் எங்கள் பக்கத்துக் கிராமத்தில் போய் “யூனியன் ஆபீஸ் எங்க இருக்கு?” என்று கேட்டால் பி.டி.ஓ. ஆபீசுக்குத்தான் வழி காட்டுவார்கள். ஊராட்சி ஒன்றியமும் யூனியன்தானே. பஞ்சாயத்து யூனியன் என்று முழுசாக எழுதாமல் யூனியன் ஃபண்ட் என்று மட்டும் எழுதி, டெல்லிப் பணமா பி.டி.ஓ. பணமா என்று தெரியாமல் திரும்பி வந்த மனு ஒன்று என் கையிலேயே இருந்தது.

ஃபெடரல் என்பதன் வேர் ‘ஃபோயிடுஸ்’, உடன்படிக்கை. தனித்தனியாக இருந்தவர்கள் ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்தது. அமெரிக்காவில் ஃபெடரல் கவர்மென்ட் என்றால் வாஷிங்டன் அரசு. நம்மூரில் ஃபெடரல் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மாநில உரிமைக்காகப் பேசுகிறவர்கள். அதே சொல், அங்கே மத்தியின் பக்கம், இங்கே மாநிலத்தின் பக்கம். காங்கிரஷனல் என்பதும் அப்படித்தான். காங்கிரஷனல் எலெக்‌ஷன் என்றால் அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல், காங்கிரஸ் கட்சியின் உட்கட்சித் தேர்தல் அல்ல. டெமாக்ரடிக், ரிபப்ளிகன் இரண்டும் முதல் எழுத்து பெரியதாக இருந்தால் அங்குள்ள கட்சி, சின்னதாக இருந்தால் ஜனநாயகம், குடியரசு. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற தொல்லை இல்லாததால் நம் பிள்ளைகள் கண்ணில் அது படுவதே இல்லை. கண்ணைப் பழக்க வேண்டும்.

பிரின்ஸ்லி ஸ்டேட் என்று வரலாற்றுக் கேள்வியில் வரும். பிரின்ஸ்லி என்றால் ராஜகுமாரத்தனமான, தாராளமான என்று குணமாகவும் வரும், ஆனால் ஸ்டேட் பக்கத்தில் வந்தால் சுதேச சமஸ்தானம். செங்கோட்டைக்காரர்களுக்கு இதை மறக்க முடியாது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த ஊர், 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் நெல்லை மாவட்டத்தோடு சேர்ந்தது. 2019-இல் தென்காசி மாவட்டம் பிரிந்தபோது அங்கே போய்விட்டது. இரண்டு அரசாங்கம், இரண்டு மாவட்டம் எல்லாம் அந்த ஊர் உட்கார்ந்த இடத்திலேயே பார்த்தது.

சாவரின் என்பது இறையாண்மை உள்ள. அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரையில் முதலில் நிற்கும் அடைமொழி அதுதான். சோஷலிஸ்ட், செக்யூலர் இரண்டையும் 1976-இல் 42-ஆம் திருத்தம் சேர்த்தது. இந்தச் சாவரின் என்கிற சொல்லை நீங்கள் எல்லாரும் சின்ன வயசிலிருந்தே சொல்லி வருகிறீர்கள், தெரியுமா? ராஜா தலை போட்ட இங்கிலீஷ் தங்கக் காசுக்கு சாவரின் என்று பேர், அதுதான் நம் வாயில் சவரன் ஆனது. எட்டு கிராம் என்று நகைக்கடையில் நிறுப்பது.

சிவிக், முனிசிபல், ஃபிஸ்கல், எலெக்டோரல் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. சிவில் குடிமகனின் உரிமைப் பக்கம், சிவிக் ஊர்ப் பொறுப்புப் பக்கம்: குப்பை, தண்ணீர், தெருவிளக்கு. ஃபிஸ்கல் அரசின் வரவுசெலவு. எலெக்டோரல் ரோல் வாக்காளர் பட்டியல், அதை எலெக்ட்ரிகல் ரோல் என்று எழுதாதீர்கள், எழுதியிருக்கிறார்கள். பொலிட்டிகல் அரசியல் சார்ந்தது, பொலிடிக் சமயம் பார்த்துச் சாமர்த்தியமாக நடப்பது.

கடைசியாக, பின்னால் வந்து நிற்கிற அடைமொழிகள். இங்கிலாந்துச் சட்டத்தில் ஒரு காலத்தில் பிரெஞ்சுதான் ஓடியது, பிரெஞ்சில் அடைமொழி பெரும்பாலும் பின்னால் வரும். அந்தப் பழக்கம் சில பதவிகளில் அப்படியே தங்கிவிட்டது. நோட்டரி பப்ளிக், அட்டர்னி ஜெனரல், அட்வகேட் ஜெனரல். இந்த ஜெனரல் ராணுவ ஜெனரல் இல்லை, ‘தலைமை’ என்கிற அடைமொழி. அதனால் பன்மையில் முன்சொல்லுக்குத்தான் எஸ் சேரும்: அட்டர்னிஸ் ஜெனரல், நோட்டரிஸ் பப்ளிக். தேர்வில் இது அடிக்கடி வரும்.

காம்பிட்டன்ட் அத்தாரிட்டி என்று விதிகளில் பார்ப்பீர்கள். திறமைசாலியான அதிகாரி என்று அர்த்தமில்லை, அந்த ஆணையைப் போட அதிகாரம் உள்ளவர் என்று அர்த்தம். திறமை இருக்கலாம், இல்லாமலும் போகலாம், காம்பிட்டன்ட் என்ற சொல் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இடம் மாறினால் அர்த்தமே மாறுகிற ஒன்று கன்சர்ன்ட். ஆபீசர் கன்சர்ன்ட் என்று பின்னால் வைத்தால் சம்பந்தப்பட்ட அதிகாரி. கன்சர்ன்ட் ஆபீசர் என்று முன்னால் வைத்தால் கவலைப்படுகிற அதிகாரி. நம் ஊர் ஆங்கிலத்தில் எல்லாரும் முன்னால்தான் வைக்கிறார்கள், படிக்கிறவர்களும் புரிந்துகொள்கிறார்கள். ஆனாலும் நான் பின்னால்தான் வைப்பேன்.

போன மாதம் மூலைக்கரைப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார்கள். வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்து இறந்தவர். பென்ஷனில் பெயர் எழுத்து ஒன்று தப்பாக ஏறிவிட்டது, அதைத் திருத்த வடநாட்டு ஆபீஸ் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஏற்கெனவே மூன்று கடிதம் போட்டு, பதில் இல்லை. “சம்பந்தப்பட்ட அதிகாரிக்குன்னு போடுங்க அண்ணாச்சி” என்றார்கள். நான் ஆபீசர் கன்சர்ன்ட் என்று அடித்ததைத் திரையில் பார்த்துவிட்டு, படிக்க வந்திருந்த பையன், “சார், கன்சர்ன்ட் முன்னாலதான வரணும்?” என்றான். அவனுக்கு வித்தியாசத்தைச் சொன்னேன். அந்த அம்மா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று கேட்டார்கள். பின்னால் போட்டால் இந்த வேலையைப் பார்க்கிற ஆபீசர், முன்னால் போட்டால் உங்களை நினைத்துக் கவலைப்படுகிற ஆபீசர் என்று சொன்னேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார்கள்.

“அப்பம் முன்னாலயே போடுங்க. கவலப்படுத ஆபீசரு ஒருத்தராவது இருக்கட்டுமே.”

பையன் சிரித்துவிட்டான். நான் பின்னால்தான் போட்டேன்.